நானே எழுதிய உயிலுக்கு நோட்டரி சீல் வேண்டுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்வரிசையில் மேசை போட்டுப் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன் நான். கிரயம், செட்டில்மென்ட், அடமானம் என்று வருகிறவர்கள் தாய்ப்பத்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வருவார்கள். உயில் என்று வருகிறவர்களோ பெரும்பாலும் எழுதி முடித்த காகிதத்தோடு வருவார்கள். "எல்லாம் எழுதிவிட்டேன், ஒரு நோட்டரி சீல் போட்டுவிட்டால் வேலை முடிந்தது" என்பார்கள். வேலை அங்கே முடிவதில்லை; பல சமயம் தொடங்கியிருப்பதுகூட இல்லை. என் மேசையில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். இவை தமிழ்நாட்டில் சொத்து வைத்திருப்பவர்களுக்கானவை. இஸ்லாமியர்களுக்கு விதிகள் வேறு என்பதால் அவர்களுக்குத் தனியாக ஒரு பதில் கீழே இருக்கிறது.

நோட்டரி சீல் இல்லாத உயில் செல்லுமா?

செல்லும். உயிலுக்கு நோட்டரி வேண்டும் என்று 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. அதன் 63ஆம் பிரிவு கேட்பது இவ்வளவுதான்: எழுதுகிறவர் கையெழுத்தோ கைரேகையோ வைக்க வேண்டும். அது இந்தக் காகிதத்தை உயிலாக நிலைநிறுத்தத்தான் வைக்கப்பட்டது என்று தெரியும்படி இருக்க வேண்டும். குறைந்தது இரண்டு சாட்சிகள், அவர் கையெழுத்துப் போடுவதைக் கண்ணால் பார்த்தோ, "இது நான் போட்ட கையெழுத்துதான்" என்று அவர் வாயால் சொல்லக் கேட்டோ, அவர் முன்னிலையில் தங்கள் கையெழுத்தைப் போட வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவருடைய உயிலை அவருடைய மகள் கொண்டுவந்தார். கோடு போட்ட நீளத்தாளில் நீல மையில் ஆறு பக்கம். கரும்பலகையில் எழுதிப் பழகிய கை. ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்து, கடைசிப் பக்கத்தில் நோட்டரியின் வட்ட முத்திரை, வில்லை, பதிவேட்டு எண், தேதி. நான் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"சாட்சி யாரம்மா?"

"இவர்தான் ஐயா" என்று அந்த முத்திரையின் மேல் விரலை வைத்துக் காட்டினார்.

நோட்டரியையே ஒரு சாட்சியாக எடுத்துக்கொண்டாலும் ஒருவர்தான் ஆகிறது. இரண்டாவது ஆள் எங்கே? அப்பா இறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. இனி யாரிடம் போய்க் கேட்பது? படுக்கையில் கிடந்தவரைக் கடைசி வரை பார்த்துக்கொண்ட அந்த மகளுக்கென்று எழுதப்பட்ட வீடு, உயிலே இல்லாதது போலக் கருதப்பட்டு, இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மூன்று பிள்ளைகளுக்கும் சம பங்காகப் போனது. நோட்டரி அலுவலக வாசலில் இருந்த டீக்கடைக்காரரை அந்த ஆசிரியர் உள்ளே கூப்பிட்டு ஒரு கையெழுத்து வாங்கியிருந்தால்கூட, வழக்காடுவதற்காவது கையில் ஒரு உயில் இருந்திருக்கும்.

அப்படியானால் நோட்டரியிடம் போவது வீண் செலவா?

முழு வீண் என்று சொல்ல மாட்டேன். 1952ஆம் ஆண்டின் நோட்டரிகள் சட்டப்படி, ஓர் ஆவணம் எழுதிக் கையெழுத்திடப்பட்டதைச் சரிபார்த்துச் சான்றளிக்க நோட்டரிக்கு அதிகாரம் உண்டு. அன்றைய தேதியில் அந்த ஆள் தன் முன்னால் வந்து நின்றார் என்பதற்கு அவருடைய பதிவேடு ஒரு துணைச் சான்று. ஆனால் சாட்சிகள் இல்லாத குறையை அந்தச் சான்று தீர்க்காது. பதிவு அலுவலகத்தில் உயிலைப் பதிந்ததாகவும் ஆகாது. இரண்டு சாட்சிகள் சரியாக அமைந்துவிட்டால் நோட்டரி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் குறையில்லை. அந்தச் செலவில் பதிவே செய்துவிடலாம் என்பது என் கருத்து.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம், யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ உறவினர் இருப்பவர்கள் அங்கே கேட்டதை இங்கே பொருத்திப் பார்ப்பது. இலங்கையில் 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி உயிலில் நொத்தாரிசு (நோட்டரிக்கு அங்கே வழங்கும் பெயர்) முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு கையெழுத்திட வேண்டும். நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகள் ஒரே நேரத்தில் கூடியிருக்க வேண்டும். அங்கே நொத்தாரிசுக்கு உள்ள இடம் இங்கே நோட்டரிக்கு இல்லை.

சாட்சிக் கையெழுத்தை எப்படி வாங்குவது? வரிசை முறை ஏதாவது உண்டா?

உண்டு. இந்தப் பக்கத்தில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

சாட்சிகள் இருவரையும் ஒரே நாளில், ஒரே நேரத்துக்கு வரச் சொல்லுங்கள். இருவரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று சட்டம் வற்புறுத்தவில்லை. ஆனால் பத்து வருடம் கழித்துக் கூண்டில் ஏறி, "நானும் மற்றச் சாட்சியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம், பெரியவர் கையெழுத்திட்டதைப் பார்த்தோம், பிறகு நாங்கள் போட்டோம்" என்று சொல்வது எளிது. தனித்தனியாக வந்து போனவர்களுடைய நினைவு குறுக்கு விசாரணையில் கலைந்துவிடும்.

மேசையில் உயில் மட்டும் இருக்கட்டும். சொத்து வாங்கப்போகிற பிள்ளைகளைப் பின்கட்டுக்கு அனுப்பிவிடுங்கள். காபி கொடுக்கிற சாக்கில்கூட உள்ளே வர வேண்டாம். எழுதியவர் முதலில் "இது என் உயில்" என்று சாட்சிகளிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதைச் சாட்சிகள் படிக்கத் தேவையில்லை. பலர் இதற்கு அஞ்சித்தான் சாட்சியே வைக்காமல் விட்டுவிடுகிறார்கள். பக்கங்களுக்கு எண் போட்டு, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எழுதியவர் கையெழுத்திட வேண்டும். கடைசிப் பக்கத்தில் வாசகம் முடிகிற இடத்துக்கு உடனே கீழே, இடைவெளி விடாமல் கையெழுத்திட வேண்டும். வெற்றிடம் விட்டால் பிறகு யாரோ இரண்டு வரி செருகினார்கள் என்ற சந்தேகத்துக்கு நாமே இடம் கொடுத்தது ஆகும்.

அதன் பிறகுதான் சாட்சிகள். "மேற்படி உயிலை எழுதியவர் எங்கள் முன்னிலையில் கையெழுத்திட்டார், நாங்கள் அவர் முன்னிலையில் சாட்சிக் கையெழுத்திட்டோம்" என்று ஒரு வரி எழுதி, பெயர், தகப்பனார் பெயர், வயது, முழு முகவரி, கையெழுத்து. எழுதியவர் அதுவரை அறையை விட்டு எழுந்திருக்கக் கூடாது. "அவர் மாத்திரை போடப் போனார், நாங்கள் அதற்குள் போட்டுவிட்டோம்" என்று ஒரு சாட்சி உண்மையைச் சொன்னால் உயில் போய்விடும். இதைச் சாட்சி சொல்லக் கேட்டு வழக்கறிஞர் தலையில் கை வைத்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

சாட்சியாக யாரை வைக்கலாம்? வீட்டுக்காரர்களே போடலாமா?

உங்களைவிட வயதில் இளையவராக, உள்ளூரில் நிலையாக இருப்பவராகப் பாருங்கள். எழுபத்தைந்து வயதுக்காரர் தன் வயதொத்த நண்பர்கள் இருவரைச் சாட்சி வைப்பது மரியாதையான காரியமாகத் தோன்றலாம். உயில் நடைமுறைக்கு வருகிற நாளில் மூவருமே இருக்க மாட்டார்கள். வீடு மாறிக்கொண்டே இருக்கிற வாடகைக்காரர், வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பித்திருக்கிற தம்பி மகன் போன்றோரும் வேண்டாம்.

பயன் பெறுகிறவர் சாட்சியாகலாமா என்பதில் மதத்துக்கு மதம் சட்டம் மாறுகிறது. இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 67ஆம் பிரிவு, சாட்சிக்கோ சாட்சியின் கணவன் மனைவிக்கோ உயிலில் கொடுத்தது செல்லாது என்கிறது. உயில் நிற்கும், அவருக்குக் கொடுத்தது மட்டும் போகும். கிறித்தவர்களுக்கு இது பொருந்தும். இந்துக்களுக்குப் பொருந்தும் பிரிவுகளைச் சொல்லும் மூன்றாம் அட்டவணையில் 67 இல்லை. இதைத் தெரிந்துகொண்டு சிலர் மருமகனையே சாட்சி வைக்கிறார்கள். சட்டம் தடுக்கவில்லை என்பதற்காக நீதிபதி நம்பிவிடுவார் என்று பொருளில்லை. எந்த மதமானாலும், உயிலில் ஒரு காசும் பெறாதவரையே சாட்சி வையுங்கள்.

முதியவரென்றால் அவரை வழக்கமாகப் பார்க்கிற மருத்துவரை ஒரு சாட்சியாகக் கேட்டுப் பாருங்கள். மறுத்தால், அன்றைய தேதியிட்டு "சுயநினைவோடும் தெளிவோடும் இருக்கிறார்" என்று ஒரு சான்றாவது வாங்கி உயிலோடு வையுங்கள்.

முத்திரைத்தாளில் எழுத வேண்டுமா?

வேண்டாம். உயிலுக்கு முத்திரைத் தீர்வை கிடையாது. வெள்ளைத்தாள் போதும். நூறு ரூபாய்த் தாளில் எழுதினால் கனம் கூடும் என்பது மனப்பிரமை.

கையால் எழுதுவது நல்லதா, தட்டச்சு செய்வதா?

இரண்டும் செல்லும். முழுவதும் தன் கைப்பட எழுதிய உயிலுக்கு நீதிமன்றத்தில் கொஞ்சம் கூடுதல் நம்பகத்தன்மை உண்டு. ஆறு பக்கமும் ஒருவரைப் போல இன்னொருவர் எழுதுவது கடினமல்லவா? ஆனால் கைப்பட எழுதினாலும் சாட்சிகள் இல்லாமல் நிற்காது. கை நடுங்குகிறவர்கள் தட்டச்சு செய்து கையெழுத்து மட்டும் போடுங்கள். ஒவ்வொரு வரியிலும் மாறுகிற எழுத்து, எதிர்த்தரப்புக்கு வழக்கை எளிதாக்கிவிடும்.

மின்கையெழுத்து, வாட்ஸ்ஆப் செய்தி, "நான் பேசிப் பதிவு செய்துவிட்டேன்" என்பவையெல்லாம் உயில் ஆகாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் முதல் அட்டவணை உயிலைத் தன் எல்லைக்கு வெளியே வைத்திருக்கிறது. கையெழுத்திடும் காட்சியைக் கைபேசியில் பதிவு செய்து வைப்பது வேறு. அது நல்ல துணைச் சான்று. ஆனால் எழுதுகிறவருக்குப் பக்கத்தில் மகன் நின்றுகொண்டு "சொல்லுங்கள் அப்பா, சொல்லுங்கள்" என்று எடுத்துக்கொடுக்கிற காணொளி இருப்பதைவிட இல்லாமல் இருப்பது மேல்.

உயிலில் என்ன வாசகம் எழுத வேண்டும்? பழைய பத்திரத் தமிழ் கட்டாயமா?

இல்லை. "சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்று எழுதி எழுதி என் கை தேய்ந்துவிட்டது; சட்டம் அதைக் கேட்கவில்லை. எழுதியவர் என்ன நினைத்தார் என்று தெரிந்தால் போதும் என்கிறது இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 74ஆம் பிரிவு. தெளிவுதான் முக்கியம்.

தேதியும் ஊரும் முதலில். "இதற்கு முன் எழுதிய உயில்கள் எல்லாவற்றையும் இதனால் ரத்து செய்கிறேன்" என்று ஒரு வரி, முன்னே எழுதியிருந்தாலும் இல்லாவிட்டாலும். மனைவி, மக்கள் எல்லோருடைய பெயரும் உறவும் இருக்க வேண்டும். பங்கு கொடுக்காத பிள்ளையின் பெயரை எழுதாமல் விடுவது பெரிய தவறு. "இரண்டாவது மகனுக்குத் தொழில் தொடங்க முன்பே பணம் கொடுத்துவிட்டதால் இதில் பங்கு வைக்கவில்லை" என்று காரணத்தோடு எழுதினால், எழுதியவருக்கு நினைவு தெளிவாக இருந்தது என்பதற்கு அதுவே ஆதாரம். பெயரே இல்லையென்றால், "மகனையே மறந்துபோன நிலையில்தான் இவர் கையெழுத்துப் போட்டார்" என்று வாதாட இடம் கிடைக்கும்.

சொத்து விவரத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு, நான்கெல்லை, அளவு, கதவிலக்கம், தாய்ப்பத்திரத்தின் எண்ணும் வருடமும் வேண்டும். "மேலத்தெரு வீடு மூத்தவனுக்கு" என்பது உங்களுக்குப் புரியும். பட்டா மாற்றுகிற அலுவலருக்குப் புரியாது. நகையைப் பிரிப்பது என்றால் பொருளைச் சொல்லுங்கள்: இரட்டைவடச் சங்கிலி, காசுமாலை, ஒட்டியாணம். "நகைகளை மகள்கள் பேசிப் பிரித்துக்கொள்ளட்டும்" என்று எழுதிய ஒரு குடும்பத்தில் பேச்சே நின்றுபோனது.

எல்லாவற்றுக்கும் கடைசியில், "இதில் சொல்லாத, இனி நான் சம்பாதிக்கப்போகிற மற்ற எல்லாச் சொத்தும் இன்னாருக்கு" என்று எழுதுங்கள். பெறுகிறவர் உங்களுக்கு முன்பே இறந்துவிட்டால் யாருக்கு என்பதையும் எழுதுங்கள்.

மனைவிக்கு ஆயுள் உரிமை மட்டுமா, முழு உரிமையா என்பதில் பலர் சறுக்குகிறார்கள். முதல் பத்தியில் "என் மனைவி விற்கவும் அடமானம் வைக்கவும் உரிமையுடன் அடைய வேண்டியது" என்று எழுதி, அடுத்த பத்தியில் "அவள் காலத்துக்குப் பின் மகனுக்கு" என்று எழுதிவிடுவார்கள். இரண்டும் ஒத்துப்போகாது. உயிலில் இரண்டு வாசகங்கள் சேர முடியாதபடி முரண்பட்டால் பின்னால் வருவது நிற்கும் என்கிறது 88ஆம் பிரிவு. ஆனால் முரண்பாடு உண்டா இல்லையா என்பதைத் தீர்மானிக்கவே கீழ்க்கோர்ட்டிலிருந்து மேல்கோர்ட் வரை போக வேண்டியிருக்கும்.

நிறைவேற்றுகிறவர் ஒருவரின் பெயரையும் குறிப்பிடுங்கள்; பத்திர வழக்கில் உயில் நிர்வாகி என்போம். அவர் பயன் பெறுகிறவராகவும் இருக்கலாம்.

பூர்வீகச் சொத்தை உயில் எழுத முடியுமா?

சுயார்ஜிதம், அதாவது நீங்களே சம்பாதித்த சொத்து, முழுவதையும் எழுதலாம். கூட்டுக்குடும்பப் பூர்வீகச் சொத்தில் உங்கள் பங்கை மட்டும் எழுதலாம். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், 30ஆம் பிரிவு. மகன்களின் பங்கும் மகள்களின் பங்கும் உங்களுடையது அல்ல. மகளுக்கு அதில் பங்கே இல்லை என்று இன்னமும் நம்பிக்கொண்டு எழுதுகிறவர்கள் உண்டு. தமிழ்நாடு 1989லேயே சட்டத்தைத் திருத்திவிட்டது. 2005இல் நாடு முழுவதுக்கும் வந்துவிட்டது.

உயிலைப் பதிவு செய்வது கட்டாயமா?

கட்டாயமில்லை. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தில் 18ஆம் பிரிவு, விரும்பினால் பதியலாம் என்ற வரிசையில் உயிலை வைத்திருக்கிறது. ஆனாலும் நான் பதியச் சொல்கிறேன். உயில் தொலைந்தால் நகல் கிடைக்கும். புகைப்படம், விரல்ரேகை பதிவாகும். இன்ன தேதியில் ஓர் அரசு அலுவலர் முன்னால் நின்று ஒப்புக்கொண்டார் என்ற எழுத்து இருக்கும்.

சொத்து இருக்கிற ஊர் அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. மாநிலத்தில் எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதியலாம். எழுதியதற்குப் பிறகு எத்தனை வருடம் கழித்தும் பதியலாம். மற்றப் பத்திரங்களுக்கு உள்ள நான்கு மாதக் கெடு உயிலுக்கு இல்லை. நடக்க முடியாதவர் என்றால் காரணம் காட்டி விண்ணப்பித்து, அலுவலரை வீட்டுக்கே வரவழைக்கச் சட்டத்தில் இடம் உண்டு.

அங்கே ஒரு பொறி இருக்கிறது. அலுவலகத்தில் உங்களை அடையாளம் காட்ட இரண்டு பேர் பத்திரத்தின் பின்புறம் கையெழுத்திடுவார்கள். "நிரூபித்தவர்கள்" என்று எழுதியிருக்கும். அவர்கள் உயிலின் சாட்சிகள் அல்ல. முன்புறம் வாசகத்தின் அடியில் கையெழுத்திடுகிறவர்கள்தான் சாட்சிகள். இருவேறு வேலைக்கும் அதே இரண்டு பேரைக் கூட்டிப்போகலாம்; ஆனால் இரண்டு இடத்திலும் கையெழுத்து விழ வேண்டும்.

பதிந்தால் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடுமா?

தெரியாது. உயில்கள் மூன்றாம் புத்தகம் என்ற தனிப் பதிவேட்டில் ஏறும். நீங்கள் உயிரோடு இருக்கும்வரை உங்களுக்கும் உங்கள் முகவருக்கும் தவிர வேறு யாருக்கும் நகல் கொடுக்க மாட்டார்கள். வில்லங்கச் சான்றிலும் வராது.

அதுவும் போதாது என்பவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது, கேட்கிறவர்கள் குறைவு. உயிலை உறையிலிட்டு ஒட்டி, மேலே பெயரும் "உயில்" என்றும் எழுதி, மாவட்டப் பதிவாளரிடம் வைப்பாகக் கொடுத்துவிடலாம். அவர் பிரித்துப் பார்க்க மாட்டார். தீப்பிடிக்காத பெட்டியில் வைத்திருப்பார். மனம் மாறினால் திரும்ப வாங்கலாம். இறந்த பிறகு உரியவர் விண்ணப்பித்தால் அவர் முன்னிலையில் உறையைத் திறந்து, மூன்றாம் புத்தகத்தில் நகலெடுப்பார்கள். உறைக்குள் இருப்பதிலும் இரண்டு சாட்சிகள் இருக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

பதிந்த உயிலை யாரும் எதிர்க்க முடியாதுதானே?

எதிர்க்கலாம். பதிவு என்பது உயிலுக்குக் கவசம் அல்ல. எச். வேங்கடாசல ஐயங்கார் எதிர் பி.என். திம்மஜம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த வழியை, 1959 தொடங்கி இன்றுவரை எல்லா நீதிமன்றங்களும் எடுத்துச் சொல்கின்றன. உயிலைச் சுற்றிச் சந்தேகத்துக்கு இடமான சூழ்நிலைகள் இருந்தால், உயிலை முன்வைக்கிறவர்தான் அந்தச் சந்தேகத்தைப் போக்க வேண்டும். நடுங்கும் கையெழுத்து, காரணம் சொல்லாமல் ஒதுக்கப்பட்ட மனைவி, பெரும்பங்கு பெறுகிறவரே ஆளைக் கூட்டிவந்து எழுதவைத்தது போன்றவைதான் அந்தச் சூழ்நிலைகள். என் மேசைக்கு மகன் வந்து, "அப்பா சார்பில் நான் சொல்கிறேன், எழுதுங்கள்" என்றால் நான் பேனாவை மூடிவிடுவேன்.

எழுதிய உயிலை மாற்றலாமா?

மூச்சு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும். கடைசியாகச் சரிவர எழுதியதே நிற்கும். பதிந்த உயிலைப் பதியாத உயிலால்கூட ரத்து செய்யலாம். குழப்பம் வேண்டாமென்றால் இரண்டாவதையும் பதியுங்கள். எழுதியவர் ரத்து செய்யும் எண்ணத்தோடு கிழித்தாலோ எரித்தாலோ உயில் ரத்தாகும். ஒரு பெயரை அடித்து வேறு பெயர் எழுதினால், அந்த இடத்தில் நீங்களும் சாட்சிகளும் கையெழுத்திட்டிருந்தால் ஒழியத் திருத்தம் செல்லாது. இரண்டு வரிக்கு மேல் மாற்றம் இருந்தால் புதிதாகவே எழுதிவிடுங்கள்.

வங்கியில் நாமினி போட்டிருக்கிறேன். அதற்கும் உயில் வேண்டுமா?

வேண்டும். நாமினி பணத்தை வாங்கிக்கொள்ள உரிமை உள்ளவர். உடைமை அவருடையது ஆகிவிடாது. நிறுவனப் பங்குகள் விஷயத்திலும் இதுவே நிலை என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சக்தி யெஸ்தானி வழக்கில் சொல்லிவிட்டது. நாமினியும் உயிலில் பெறுகிறவரும் ஒரே ஆளாக இருந்தால் அலைச்சல் மிச்சம்.

இஸ்லாமியர்களுக்கு என்ன விதி?

முதலில் சொன்ன 63ஆம் பிரிவு அவர்களுக்குப் பொருந்தாது. வாய்மொழி உயிலும் செல்லும். அளவுதான் கட்டுப்பாடு. ஈமச்செலவும் கடனும் போக மீதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுதினால் வாரிசுகள் சம்மதிக்க வேண்டும். சன்னி பிரிவினரில் வாரிசு ஒருவருக்கே எழுதுவதானால் அளவு எதுவானாலும் மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். எழுதி இரண்டு சாட்சி வைத்துக்கொள்வது அவர்களுக்கும் பாதுகாப்புத்தான்.

அப்பா இறந்த பிறகு பீரோவில் பதியாத உயில் கிடைத்தது. இனி என்ன செய்வது?

முதலில் அதில் எதையும் எழுதாதீர்கள். துளை போடாதீர்கள், பிளாஸ்டிக் உறையில் ஒட்டாதீர்கள். கண்டெடுத்த நிலையிலேயே படமெடுத்து வையுங்கள். சாட்சிகள் உயிரோடு இருக்கிறார்களா என்று அன்றே விசாரியுங்கள்.

பிறகு இரண்டு வழிகள். எழுதியவர் இறந்த பின்னும் நிர்வாகியோ பயன் பெறுகிறவரோ உயிலைப் பதிவுக்குத் தாக்கல் செய்யலாம். சாட்சிகளை விசாரித்து, எழுதியவர் எழுதியதுதான் என்று அலுவலர் நிறைவடைந்தால் பதிவார். மற்றொன்று நீதிமன்றத்தில் புரொபேட், அதாவது உயில் மெய்யானதுதான் என்ற நீதிமன்றச் சான்று, வாங்குவது. சென்னை நகர எல்லைக்குள் எழுதப்பட்ட, அல்லது அங்குள்ள அசையாச் சொத்தைப் பற்றிய இந்துக்களின் உயிலுக்குப் புரொபேட் வாங்கினால்தான் நீதிமன்றத்தில் உரிமை கோர முடியும் என்று இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213ஆம் பிரிவு நெடுங்காலம் வைத்திருந்தது; மதுரைக்காரருக்கும் கோவைக்காரருக்கும் அது இல்லை. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய நீக்கல் மற்றும் திருத்தச் சட்டம் அந்தப் பிரிவை எடுத்துவிட்டது. கட்டாயம் போனதே தவிரப் புரொபேட் என்ற வழி போகவில்லை. அண்ணன் தம்பிக்குள் முகத்தாட்சணியம் குறைந்திருந்தால் வாங்கிவிடுவதே நல்லது. உயிலில் நிர்வாகி பெயர் இல்லையென்றால் புரொபேட் தர மாட்டார்கள். உயிலை இணைத்த நிர்வாக உரிமை ஆணைக்கு மனுப் போட வேண்டும்.

பட்டா மாற்றத்துக்கு இறப்புச் சான்று, உயில், தாய்ப்பத்திரம், வாரிசுச் சான்றிதழ் ஆகியவற்றோடு விண்ணப்பிக்கலாம். மற்ற வாரிசுகள் ஆட்சேபித்தால் வட்டாட்சியர் பெரும்பாலும் "கோர்ட்டுக்குப் போங்கள்" என்றுதான் சொல்வார்.

சாட்சிகள் இருவருமே இறந்துவிட்டார்கள். உயில் போனது போனதுதானா?

போகவில்லை. சாட்சி உயிரோடு இருந்தால் குறைந்தது ஒருவரையாவது கூண்டில் ஏற்ற வேண்டும் என்பது சாட்சியங்களுக்கான சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியம் 2023இன் 67ஆம் பிரிவு. யாரும் கிடைக்காதபோது என்ன செய்வது என்பதை 68ஆம் பிரிவு சொல்கிறது: சாட்சிகளில் ஒருவருடைய கையெழுத்தாவது அவர் கையால் போட்டதுதான் என்பதையும், எழுதியவருடைய கையெழுத்து அவருடையதுதான் என்பதையும் மெய்ப்பிக்க வேண்டும். அந்தக் கையெழுத்தை நன்கு அறிந்த மகனோ, கூட வேலை பார்த்தவரோ வந்து சொல்லலாம். ஒப்பிட்டுப் பார்க்க அவர்களுடைய பழைய கையெழுத்துகளும் தேவைப்படும்.

போன மாதம் ஒரு பெரியவர் இந்தக் கேள்வியோடுதான் வந்தார். சாட்சி, அவர் தெருவில் முன்பு குடியிருந்த கூட்டுறவுச் சங்கக் காசாளர். காசாளர் மனைவியிடம் போய்க் கேட்கச் சொன்னேன். அந்த அம்மா பரணிலிருந்து ஒரு தகரப்பெட்டியை இறக்கி, கணவர் கையெழுத்திட்ட ஓய்வூதிய விண்ணப்பத்தின் நகல், பழைய காசோலை அடிக்கட்டைகள், பேத்தியின் மதிப்பெண் அட்டை என்று எடுத்துக் கொடுத்திருக்கிறார். மதிப்பெண் அட்டையில் பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் தாத்தா போட்டிருந்த கையெழுத்தின் வால்சுழி, உயிலில் இருந்ததைப் போலவே இருந்தது. வழக்கறிஞர் முதலில் எடுத்து வைத்தது அந்த அட்டையைத்தான்.